நான் சொல்லிக் கொடுத்த பதில்கள்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஆனாலும் ஏழு மாதம் கல்வி ஆராய்ச்சியில் வேலை பார்த்தேன். இதைச் சொன்னால் எங்கள் காலனியில் இன்றும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காரணம் இருக்கிறது.

என் தொழில் டைல்ஸ் ஒட்டுவது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கிள்ளியாற்றை ஒட்டிய லைன் வீடுகளில் குடியிருப்பு. அங்கே எல்லாரும் எங்களைப் போலத்தான். கட்டட வேலை, ஓட்டல் வேலை, கடை வேலை. இரண்டு வருஷம் முன்பு ஒரு வீட்டு மாடிப்படியில் வேலை பார்க்கும்போது விழுந்தேன். முட்டி போயிற்று. தரையில் ஒட்டுகிறவன் குத்தவைத்து உட்கார வேண்டும். எனக்கு அது முடியாது. சுவரில் மட்டும் ஒட்டலாம். சுவருக்கு மட்டும் யாரும் ஆள் கூப்பிடுவதில்லை.

அப்படிச் சும்மா இருந்தபோது வலியசாலையில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். குளியலறைச் சுவரில் நாலு டைல்ஸ் விழுந்துவிட்டது. முன்பு நான் ஒட்டியதுதான். வெட்கப்பட வேண்டியவன், சுவர் வேலை கிடைத்ததே என்று சந்தோஷமாகப் போனேன்.

அந்த வீட்டுப் பெண் பி.எச்டி செய்துகொண்டிருந்தார். கல்வித் துறையில். அவர் டீச்சர் இல்லை. எனக்கு வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கடைசி வரை டீச்சர் என்றே கூப்பிட்டேன். நான் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தபோது கதவருகில் நின்று கேட்டார்.

"அண்ணா, நீங்க எங்க தாமசம்? வீடு எந்தப் பக்கம்?"

சொன்னேன். அவர் முகம் லாட்டரி அடித்தவர் முகம் மாதிரி ஆயிற்று.

"அந்தக் காலனியா? ரெண்டு தடவை வந்தேன் அண்ணா. ஒருத்தரும் கதவே தொறக்கலை. ஒரு வீட்டுல நாயை விட்டா."

"அது எங்க நாய் இல்ல டீச்சர். அடுத்த தெரு நாய். தானா வந்திருக்கும்."

அவருடைய ஆராய்ச்சியை எனக்குப் புரியும்படி சொன்னார். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் எத்தனை காலம் நிற்கிறார்கள், எந்த வகுப்பில் விட்டுப் போகிறார்கள், ஏன் போகிறார்கள். அதற்கு அறுபது வீடு வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து ஒரு தாளை நிரப்ப வேண்டும். கதவைத் திறக்க வைக்க ஓர் ஆள் வேண்டும். அவருக்குத் தில்லியிலிருந்து ஃபெலோஷிப் பணம் வந்தது. அதில் ஆராய்ச்சிச் செலவுக்கென்று தனியாக ஒரு தொகை உண்டாம். அதிலிருந்து எனக்கு நாள்கூலி. வேலையின் பெயர் ஃபீல்ட் அசிஸ்டென்ட்.

வீட்டுக்கு வருகிற வழியில் அந்தப் பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மறுநாள் டீக்கடையில் நாலாவது தடவை சத்தமாகச் சொன்னேன். தில்லிப் பணம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

டீச்சர் அறையில் சுவர் நீளத்துக்கு ஒரு சார்ட் ஒட்டியிருந்தது. மேலே மாதங்கள். கீழே கலர் கட்டங்கள். பச்சை, வீடு வீடாகப் போவது. மஞ்சள், கம்ப்யூட்டரில் ஏற்றுவது. நீலம், எழுதுவது. ஒரு மாதத்தில் மட்டும் சிவப்பு.

"இது என்ன டீச்சர்?"

"ரெவ்யூ. ரெண்டு வருஷம் முடியறப்போ கமிட்டி உக்காரும். வேலை நன்னாருந்தா ஃபெலோஷிப்பை நீட்டுவா. இல்லேன்னா அதோட கட்."

"கட்டுன்னா?"

"கட்டுன்னா நானும் நிறுத்திக்க வேண்டியதுதான். அப்பாவோட பென்ஷன்ல வீடு ஓடறது. தம்பானூர்ல ஒரு டியூஷன் சென்டர்ல கூப்பிட்டிருக்கா. அங்க போயாகணும்."

நான் சார்ட்டுக்குக் கிட்டே போனேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"டைல்ஸுன்னா நாங்க நடுவுலேர்ந்து ஆரம்பிப்போம் டீச்சர். அப்பத்தான் ஓரம் ரெண்டும் சமமா வரும். நீங்க இடது பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கீங்க."

அவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எதைக் கேட்டாலும், எதைப் பார்த்தாலும் எழுதிவிடுவார். அந்தப் பழக்கம்தான் பிறகு என்னைப் பிடித்துக் கொடுத்தது.

முதல் தாளை என் வீட்டிலேயே நிரப்பினார். கேள்வி சரியாக இருக்கிறதா என்று ஒத்திகை பார்க்க. நான் நாற்காலியில், அவர் கட்டிலில். மனைவி அடுக்களையில்.

"அப்பாவோட படிப்பு?"

"எட்டு."

ஐந்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எட்டு வந்தது.

"மகள் என்ன பண்றா?"

"பத்தாவது படிக்கா."

அடுக்களையில் கரண்டி விழுந்தது.

"என்ன சத்தம்?"

"பூனை டீச்சர்."

"வீட்டுல எவ்வளவு நேரம் படிப்பா?"

"ரெண்டு மணிக்கூர்."

"யாரு கூட உக்காந்து சொல்லிக் கொடுக்கறது?"

"நாந்தான்."

என் மகள் எட்டாம் வகுப்பில் நின்றவள். அப்போது சாலைக் கடைத்தெருவில் வளையல் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வந்த நேரத்திலும் அங்கேதான் நின்றிருப்பாள். டீச்சர் போனதும் மனைவி வெளியே வந்தாள்.

"இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருந்தா டாக்டருக்குப் படிக்கான்னு சொல்லியிருப்பீக."

சொல்லியிருப்பேன்தான்.

எங்கள் காலனியில் ஒரு வழக்கம் உண்டு. கையில் தாளோடு யார் வருவதாக இருந்தாலும் முந்தின நாளே ஒருவன் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட வேண்டும். ரேஷன் கார்டு சரிபார்க்க வருகிறவர், ஓட்டர் லிஸ்டுக்கு வருகிறவர், கொசுப்புழு பார்க்க வருகிறவர். யாரிடம் என்ன சொன்னால் கார்டு தங்கும், என்ன சொன்னால் போய்விடும் என்று சொல்லி வைக்க வேண்டும். ஒரு வீடு ஒன்று சொல்லி அடுத்த வீடு வேறு சொன்னால் இரண்டுக்கும் கேடு. கொஞ்ச காலமாக அந்த ஒருவன் நான்தான். என்னைவிடப் படித்தவர்கள் காலனியில் உண்டு. பகலில் வீட்டில் இருக்கும் ஆம்பிளை நான் ஒருவன்தான்.

டீச்சர் வருவதற்கு முந்தின நாளும் அப்படியே போனேன். அவரை ஏமாற்ற நினைக்கவில்லை. நல்ல பதில் வந்தால் அவருக்கு நல்ல மார்க் கிடைக்கும், ஃபெலோஷிப் நீளும் என்று நினைத்தேன். பரீட்சை எழுதி வெகுநாள் ஆனவன் வேறு எப்படி நினைப்பான்?

மூன்றாம் வீட்டு அக்கா தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறை கூட்டித் துடைக்கிறார். வயதில் என்னைவிட இளையவர். காலனிக்கே அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். யாரும் இதைச் சரி செய்ய நினைத்ததில்லை.

"என்ன கேப்பாக?" என்றார்.

"பிள்ளை ஸ்கூலுக்குப் போவுதான்னு கேப்பாக."

"போவலையே."

"போவுதுன்னு சொல்லுங்க."

"எத்தனாவது?"

"ஏழுன்னு சொல்லுங்க."

"மவ வீட்டுல உக்காந்து எங் கைப்பிள்ளைய ஆட்டிக்கிட்டிருப்பாளே. கண்ணு தெரியாதா அவங்களுக்கு?"

"அவளை எங்கிட்டாவது அனுப்பிருங்க."

அக்கா யோசித்தார். "பை வேணும்லாண்ணே. படிக்க பிள்ளை இருக்க வீட்டுல ஒரு பை கெடக்க வேண்டாமா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. அக்காவின் மூளையை மெச்சினேன். என் மகளின் பழைய பை பரணில் கிடந்தது. நீலப் பை. ஜிப்பில் ஒரு பிளாஸ்டிக் வாத்து தொங்கும். தூசி தட்டிக் கொடுத்தேன். அக்கா அதை ஆணியில் மாட்டினார். வீட்டுக்கே ஒரு களை வந்துவிட்டது.

டீச்சர் வந்தார், எழுதினார், போனார். அடுத்த வீட்டுக்காரி வந்து பையை வாங்கிப் போனாள். பிறகு அதற்கு அடுத்த வீடு. என் மகள் அந்தப் பையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போன தூரத்தைவிட அந்த மூன்று மாதத்தில் அது காலனிக்குள் நடந்த தூரம் அதிகம்.

அறுபது வீடும் முடிந்தது. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனார்கள். எல்லாரும் வீட்டில் இரண்டு மணி நேரம் படித்தார்கள். எல்லா அப்பாக்களும் கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். கொத்தனார், கம்பி கட்டுகிறவர், பரோட்டா மாஸ்டர், எல்லாரும். டீச்சர் அலுத்துக்கொள்ளாமல் எழுதினார். எனக்கு மட்டும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டோம் என்று.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் தனியாக வந்தார். ஆற்றோரச் சுவரில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் லேப்டாப்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க டீச்சர்."

"உங்க காலனில எல்லாரும் ஒரே கடைலயா பை வாங்கறேள்?"

"ஆமா. சாலைக் கடைத்தெருவுல ஒரு கடை இருக்கு."

"எல்லாப் பையிலயும் வாத்துக்கு ஒரு கால் ஒடிஞ்சிருக்குமோ?"

நான் ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் அதிகம் இல்லை.

நடந்தது இதுதான். தாளின் கடைசியில் 'வீட்டில் பார்த்தவை' என்று ஓர் இடம் உண்டு. டீச்சர் ஒவ்வொரு வீட்டிலும் பார்த்ததை அங்கே எழுதியிருந்தார். எழுதும்போது அவர் கவனிக்கவில்லை. எல்லாத் தாளையும் சேர்த்து வைத்துப் படித்த அவருடைய கைடு கவனித்துவிட்டார். பதினாலு வீட்டில் ஆணியில் நீலப் பை. அடியில் சிவப்புக் கோடு போட்டு, மலையாளத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். 'ஈ பேக் ஆருடேதா?' யாருடைய பை என்று.

அதோடு விடவில்லை. பள்ளிக்கூடங்களில் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்ற அரசாங்கப் பட்டியல் கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் பார்க்கக் கிடைக்குமாம். எங்கள் பிள்ளைகள் போகிற இரண்டு பள்ளிக்கூடத்தையும் அதில் எடுத்துப் பார்த்திருக்கிறார். ஏழாம் வகுப்புக்குப் பிறகு தமிழ்ப் பிள்ளைகள் மளமளவென்று குறைகிறார்கள். எங்கள் காலனியில் மட்டும் ஒரு பிள்ளையும் குறையவில்லை. நான் குறைய விடவில்லை. அப்படி ஒரு பட்டியல் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"எத்தனை வீட்டுக்குச் சொல்லிக் கொடுத்தேள்?"

"எல்லா வீட்டுக்கும்."

"அறுபதுமா?"

"அம்பத்தொம்பது."

மிச்சம் ஒன்று என் வீடு. அந்த நேரத்திலும் அதை மட்டும் ஒதுக்கி வைத்துக்கொண்டேன்.

"ஏன் அண்ணா?"

"நல்ல பதில் வந்தா உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சேன் டீச்சர்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"எனக்கு நல்ல பதில் எதுக்கு? உள்ளது வேணும். எங்க நின்னு போறான்னு தெரிஞ்சாத்தானே ஏன்னு கேக்க முடியும்? எல்லாரும் போறான்னா நான் ஆராய்ச்சியே பண்ண வேண்டாமே."

ரெவ்யூவுக்கு ஆறு வாரம் இருந்தது. திரும்ப எல்லா வீட்டுக்கும் போக வேண்டும், உண்மையான தாள் இல்லாமல் கமிட்டி முன்னால் போவதில் பிரயோஜனம் இல்லை என்று கைடு சொல்லிவிட்டாராம். மஞ்சளும் நீலமும் போட்டிருந்த கட்டங்களில் டீச்சர் திரும்பப் பச்சை அடித்திருந்தார். என்னை நிறுத்தவில்லை.

"வேற ஆள் இல்லை அண்ணா. அதனாலதான்," என்றார்.

உள்ளதைச் சொல்கிறவர்.

மறுநாள் நான் மறுபடி வீடு வீடாகப் போனேன். இந்தத் தடவை உண்மையைச் சொல்லச் சொல்லி.

மூன்றாம் வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அன்னைக்குப் போவுதுன்னு சொல்லச் சொன்ன. இன்னைக்குப் போவலன்னு சொல்லச் சொல்லுத. நாளைக்குப் பிள்ளையே பெறலன்னு சொல்லணுமாண்ணே?"

"இல்லக்கா, உள்ளதச் சொன்னாப் போதும்."

"கார்டு போயிட்டா நீ தருவியா?"

"கார்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அவங்க கவர்மென்ட் இல்ல."

"தில்லிப் பணம்னு டீக்கடையில நின்னு நீதான சொன்ன? தில்லியில இருக்கது யாரு, ஒங்க சித்தப்பனா?"

பரோட்டா மாஸ்டர் நியாயமாகக் கேட்டார். "உள்ளதச் சொன்னா என்ன கிட்டும்?"

"ஒண்ணும் கிட்டாது."

"பின்ன பொய்யே இருந்துட்டுப் போகட்டும். ஏற்கெனவே எழுதியாச்சுல்லா?"

நாலு நாள் ஒரு கதவும் திறக்கவில்லை. டீச்சர் காலையில் வருவார். நானும் அவரும் வெயிலில் ஒவ்வொரு வாசலாக நிற்போம். உள்ளே டி.வி. சத்தம் கேட்கும். நான் கூப்பிட்டதும் சத்தம் நின்றுவிடும். கதவைத் திறக்க வைக்க என்று எடுத்த ஆள் நான். ஐந்தாம் நாள் டீச்சர் பையிலிருந்து தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, டியூஷன் சென்டரில் அடுத்த வாரம் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். நான் அடுத்த கதவைத் தட்டினேன்.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். அங்கே நாலைந்து பெண்கள் இருந்தார்கள். என் மனைவியும் இருந்தாள்.

"அண்ணே, ஒன் வீட்டுத் தாளுல என்ன எழுதியிருக்கு?"

"அதுக்கென்ன இப்பம்?"

"ஒன் மவ வளையல் கடையில நிக்கது எங்களுக்குத் தெரியும். தாளுக்குத் தெரியுமா?"

நான் குடத்தைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "பத்தாவதுன்னு எழுதியிருக்கு."

குழாயடியே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "மொத அதத் திருத்து. எங்க கண்ணு மின்னால திருத்து. அப்புறம் நாங்க சொல்லுதோம்."

ஞாயிற்றுக்கிழமை வளையல் கடைக்கு லீவு. டீச்சரை வரச் சொன்னேன். என் தாளும் பொய் என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றினார். "தெரியும் அண்ணா," என்றார். "பூனை கரண்டியைத் தள்ளித்துன்னேள். அடுத்த மூணு மாசத்துல உங்க வீட்டுல நான் பூனையையே பார்க்கலை."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். நான் நாற்காலியில். மகள் கதவோரம். வாசலில் அக்காவும் குழாயடிப் பெண்களும், கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போல.

"அப்பாவோட படிப்பு?"

"அஞ்சு."

"போன தடவை எட்டு."

"மூணு நான் சேத்தது."

வாசலில் சிரிப்பு. டீச்சர் வெட்டி எழுதாமல் புதிய தாளில் எழுதினார்.

"மகள்?"

"படிக்கல. கடைக்குப் போறா. எட்டுல நின்னுட்டா."

"என்ன காரணம்?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. "நான் விழுந்தேன்லா. அவ அம்மை வேலைக்குப் போக வேண்டி வந்துச்சு. எனக்குக் கஞ்சி தர வீட்டுல ஆள் வேணும். அதோட நின்னுட்டா. எம் முட்டிதான் காரணம்."

வாசலில் சிரிப்பு நின்றது. டீச்சர் எழுதிவிட்டு மகளைப் பார்த்தார்.

"அப்படியா?"

"அல்ல சேச்சி," என்றாள் மகள். "அப்பா விழறதுக்கு ஒரு மாசம் முன்னாலயே நான் போகல."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"எங்க போனே?" என்றார் டீச்சர்.

"காலைல பேக் எடுத்துட்டு எறங்குவேன். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்புல இருப்பேன். மூணரைக்குத் திரும்பி வருவேன்."

"ஏன்?"

"ஏழு வரைக்கும் தமிழ் மீடியம் சேச்சி. எட்டுல மலையாளம். பேச அறியும். எழுத அறியாது. ஸயன்ஸ் நோட்டு ஒண்ணும் எழுதாம வெறுதே இருந்தது. நோட்டு காட்டணும்னு சொன்ன அன்னைக்குப் போகல. பின்ன எப்படிப் போறது? அப்பா விழுந்ததும் பஸ் ஸ்டாப்புல இருக்க வேண்டி வரல. அவ்வளவுதான்."

"வீட்டுல சொல்லலையா?"

"அம்மைக்குத் தெரியும்."

மனைவி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்ககிட்ட சொன்னா என்ன செய்வீக?" என்றாள். "நோட்டு எழுதிக் குடுப்பீகளா?"

இரண்டு வருஷம். மகள் படிப்பு நின்றது என் முட்டியால்தான் என்று உள்ளே சுமந்துகொண்டு திரிந்தேன். டைல்ஸ் கடைப் பக்கம் போகும்போதெல்லாம் அதை நினைப்பேன். அதில் ஒரு பெருமையும் இருந்தது என்று அந்த நாற்காலியில்தான் தெரிந்தது. என்னால் ஒரு காரியம் கெட்டது என்றால் நான் இல்லாமல் அது நடக்காது என்று அர்த்தம். அப்படி ஒன்றும் இல்லை. அந்தக் காரியம் கெடுவதற்குக்கூட என்னை எதிர்பார்க்கவில்லை.

டீச்சர் காரணத்தை அடித்துவிட்டு வேறு காரணம் எழுதினார். நாலு வரி வந்தது. என்னுடையது அரை வரிதான்.

வாசலில் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "தன் வீட்டு வெவரமே தெரியாத மனுசனா எங்களுக்குப் பதில் சொல்லிக் குடுத்தான்!" பிறகு டீச்சரைப் பார்த்து, "வாங்க, எங்க வீட்டுக்கு. உள்ளது சொல்லுதேன். கைப்பிள்ளைய ஆட்டிக்கிட்டு அவளும் அங்கதான் இருக்கா. அவகிட்டயே கேளுங்க."

அன்றைக்கு ஒன்பது வீடு முடிந்தது. நான் கூடப் போகவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த நாலு வாரத்தில் நாற்பத்தாறு வீடு ஆயிற்று. மற்றவர்கள் வேறு வேலைத்தலத்துக்குப் போய்விட்டார்கள், அல்லது திறக்கவில்லை. பல வீடுகளில் அப்பன் சொன்ன காரணம் ஒன்று, பிள்ளை சொன்னது வேறு. அதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. டியூஷன் சென்டரில் வகுப்பு எடுத்துக் காட்டிவிட்டு வந்து டீச்சர் இரவும் பகலும் எழுதினார் என்று அவர் அம்மா சொன்னார். முதல் தடவை எழுதிய பொய்த் தாளையும் இரண்டாவது தாளையும் சேர்த்துப் பின் அடித்து வைத்தார். முதல் தாளை மறைத்தால் அது இன்னொரு பொய், இரண்டையும் கமிட்டிக்குக் காட்டு என்று கைடு சொல்லியிருந்தார்.

அதனால் ரெவ்யூ நாளில் நானும் போக வேண்டி வந்தது. கேட்டால் சொல்ல. பல்கலைக்கழகத்தில் ஒரு வராந்தா. கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் டீச்சர். அவர் கையில் பேனா நிற்காமல் உருண்டுகொண்டிருந்தது.

நடுவில் இருந்த சார் மலையாளத்தில் கேட்டார். இரண்டாவது சொன்னதாவது உண்மை என்று எப்படித் தெரியும்?

"அறிஞ்ஞூடா சாரே," என்றேன். தெரியாது என்பதை இங்கே அப்படித்தான் சொல்வோம். "மொதல்ல சொன்னது கள்ளம்னு தெரியும். நான் படிப்பிச்சதாக்கும்."

ஓரத்தில் இருந்த மேடம் சிரித்துவிட்டார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை.

"ரெண்டாவது தடவையும் நீங்க படிப்பிச்சீங்களா?"

"இல்ல சாரே. ரெண்டாவது தடவை நான் சொன்னா கேக்க ஆளில்லை."

அவர் ஏதோ எழுதினார். போகலாம் என்றார். நான் வந்த வழியை விட்டு வேறு கதவைத் திறந்துவிட்டேன். அது பீரோ.

வெளியே வந்து பாளையம் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். பஸ் ஏறும்போது டீச்சர், "பீரோவுக்கு அப்புறம்தான் நடுவுல இருந்தவர் சிரிச்சார் அண்ணா," என்றார்.

பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் டீச்சர் தம்பானூருக்கு டியூஷன் எடுக்கப் போனார். ஒருநாள் மத்தியானம் காலனிக்கு வந்தார். கையில் கடிதம். மூன்றாம் வீட்டு வாசலில் வைத்துத்தான் படித்தார். அக்காவும் வேலை முடிந்து வந்திருந்தார்.

ஃபெலோஷிப் நீட்டப்பட்டது. ஒரு வருஷத்துக்கு. அக்கா கையைத் தட்டினார். என்னை அறியாமல் நானும் தட்டினேன்.

"ஒரு நிபந்தனை இருக்கு," என்றார் டீச்சர். முகத்தை நிமிர்த்தாமல் படித்தார். இங்கிலீஷில் ஒரு வரி. பிறகு தமிழில் சொன்னார். அடுத்த கட்ட வேலைக்கு இப்போதுள்ள ஃபீல்ட் அசிஸ்டென்டை மாற்ற வேண்டும்.

"இன்னொரு தடவை படிங்க டீச்சர்," என்றேன்.

படித்தார். எனக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை. ஆனால் அது நான்தான். தில்லிக்கும் நகல் போகிற ஒரு கடிதத்தில் ஒரு முழு வரி.

"உங்களைப் பத்தித் தப்பா ஒண்ணும் எழுதலை, கேட்டேளா?"

"எழுதினாலும் உள்ளதுதான டீச்சர்."

அவர் கடிதத்தை மடித்தார். பிறகு, வேறு ஆள் வேண்டுமே, யாரைப் போடலாம் என்று என்னிடமே கேட்டார். நான் அக்காவைக் காட்டினேன். அக்கா லாட்ஜ் வேலை அரை நாள்தான், மத்தியானம் சும்மா இருக்கிறார், கதவைத் தட்டினால் பயந்தாவது திறப்பார்கள் என்றேன்.

"நானா?" என்றார் அக்கா. "எனக்கு இவரு மாதிரி மொத நாளே ஊரெல்லாம் போய்ச் சொல்லிட்டு வர நேரம் கெடையாது, பாத்துக்கோங்க."

"அதான் வேணும்," என்றார் டீச்சர்.

அடுத்த திங்கட்கிழமை அக்கா தோளில் ஒரு துணிப்பை, கையில் தாள்கட்டோடு லைனில் இறங்கினார். டீச்சர் பின்னால். அக்காவின் மகள் கைப்பிள்ளையோடு கொஞ்ச தூரம் கூடப் போனாள். நான் வாசலில் நின்றிருந்தேன். என் வீட்டைத் தாண்டும்போது கூப்பிட்டுக் கேட்டேன்.

"அக்கா, இந்தத் தடவை என்ன கேக்குதீக?"

அக்கா தாளை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அத மட்டும் ஒங்கிட்ட சொல்லக் கூடாதாம்ணே," என்றார்.